வந்துபோகிறவர்களின் ஊர்

ஏலப்பாறையில் வண்டியை நிறுத்தாமல் கடந்துபோகிறவர்களே அதிகம். குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குப் போகிறவர்களும் வாகமண்ணுக்கு ஏறுகிறவர்களும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். அவர்களுக்கு இது சாலை பிரிகிற ஒரு கூட்டுச் சந்திப்பு, நாலைந்து சாயாக்கடை, ஒரு பஸ் நிறுத்தம், அவ்வளவுதான். கண்ணாடிக்கு வெளியே தேயிலைச் செடிகள் ஒரே மட்டமாகச் சரிவில் இறங்கிப்போகும். அந்தப் பச்சையைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு நடுவே, துருப்பிடித்த தகரக் கூரையோடு வரிசையாகத் தெரியும் நீளக் கட்டடங்கள் படத்துக்குள் வந்துவிடாமல் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறார்கள். அந்தக் கட்டடங்கள்தான் லயம். நான் பிறந்தது அப்படி ஒன்றில். என் அப்பா பிறந்ததும் அதே லயத்தில்தான்.

இடுக்கி மாவட்டம் பீர்மேடு தாலுகாவில், மூவாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது எங்கள் ஊர். தேயிலை இங்கே வருவதற்கு முன்பே மனிதர்கள் இருந்தார்கள். மலை அரையர், ஊராளி, உள்ளாடர், மன்னான் மக்களின் காடு இது. ஏலம் இந்தக் காட்டில் தானாக விளைந்தது. திருவிதாங்கூர் அரசு அதைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. காய் பறிப்பவர் யாராக இருந்தாலும் சர்க்காருக்கே கொடுக்க வேண்டும். 1860-களில் சர்ச் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஹென்றி பேக்கர் முதலானோர் பீர்மேட்டு மலைகளில் காப்பி போட்டார்கள். இலங்கையில் 1869-ல் தலைகாட்டிய காப்பி இலைத்துரு நோய் தென்னிந்திய மலைகளுக்கும் ஏறி வந்தது. காப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. வெள்ளைக்காரத் துரைமார் வரலாறு இங்கே புத்தகமாகக் கிடைக்கிறது, கல்லறைத் தோட்டத்தில் பளிங்கில் செதுக்கியும் கிடைக்கிறது. அதை இங்கே விரிவாக எழுத எனக்கு மனமில்லை. எழுதப்படாமல் கிடப்பது இன்னொரு பக்கம்.

காட்டை அழித்துக் குழி வெட்டி நாற்று நட்டவர்கள் கீழேயிருந்து வந்தார்கள். மதுரைச் சீமை, திருநெல்வேலிச் சீமை, கம்பம் பள்ளத்தாக்கு. எங்கள் பூட்டன் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து வந்தவர் என்று ஆச்சி சொல்வாள். மழை தப்பிய வருஷத்தில் கங்காணி ஊருக்கு வருவான். முன்பணம் கொடுப்பான். அந்தப் பணத்தைக் கடனுக்கும் கஞ்சிக்கும் கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு கம்பம், குமுளி மலைப்பாதை ஏறி நடப்பார்கள். மேலே வந்து சேரும்போதே கடனோடுதான் சேருவார்கள். வந்தவர்களில் பெரும்பகுதி ஊரில் ஒரு சென்ட் நிலம் இல்லாத தலித் மக்கள். கங்காணிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசு, துரைக்கு வேலையாள், தொழிலாளிக்குக் குளிரும் மலேரியாவும். வந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குளிரிலேயே புதைந்துபோனார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. எங்கள் எஸ்டேட்டின் கீழ்ப்புறச் சரிவில் தேயிலைக்கு நடுவே செடி வைக்காத ஒரு துண்டு இருக்கும். அங்கே கல் கிடையாது, பெயர் கிடையாது. ஆச்சி அந்தப் பக்கம் கொழுந்தெடுக்கப் போனால் முந்தானையை இழுத்துச் செருகிவிட்டு ஒரு நிமிஷம் நிற்பாள்.

லயம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே ஆறோ எட்டோ பத்தோ வீடுகள். ஒரு வீட்டுக்கு முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி. இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் ஏறாது. அடுத்த வீட்டு மாமா இருமினால் நம் பாயில் படுத்திருப்பவர் விழித்துக்கொள்வார். எங்கள் வீட்டில் நான் சிறுவனாக இருந்த 1970-களில் ஏழு பேர். கல்யாணம் ஆன அத்தையும் மாமாவும் அடுப்படியில், மற்றவர்கள் முன்னறையில். மழைக்காலம் என்பது எங்களுக்கு ஜூன் முதல் நவம்பர் வரை நீளும். கேரளத்திலேயே மழை அதிகம் பெய்கிற இடங்களில் பீர்மேடும் ஒன்று. துணி காயாது. அடுப்புக்கு மேலே கம்பி கட்டி அதில் கம்பளியைப் போட்டிருப்பார்கள். அந்தப் புகை வாசத்தோடுதான் பள்ளிக்கூடம் போனோம்.

விடியும் முன்னே சங்கு ஊதும். அம்மா கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு, தலையில் கொங்காணியும் இடுப்பில் படுதாவும் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய் நிற்பாள். பேர் கூப்பிட்டு மலை பிரிப்பார்கள். இரண்டு இலை ஒரு மொட்டு, அதற்குக் கீழே முற்றிய இலை கூடையில் விழுந்தால் எடைபோடும் இடத்தில் கழிப்பார்கள். கொழுந்தெடுப்பது கைத்தொழில் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அது கண்ணின் வேலையும்கூட. எந்தக் கிளையை விட்டுவைத்தால் அடுத்த சுற்றில் தளிர் வரும் என்பதை என் அம்மா நடந்தபடியே தீர்மானிப்பாள். இரண்டு கையும் தனித்தனியே ஓடும். அட்டைக்கடிக்கு மூக்குப்பொடியும் உப்பும் துணியில் முடிந்து இடுப்பில் இருக்கும். பின்னாளில் கத்திரி வந்தது. கத்திரியில் எடை கூடும், தோள்பட்டை போய்விடும். இப்போது இரண்டு பேர் பிடித்து ஓட்டும் இயந்திரமும் வந்துவிட்டது. அம்மா தலைமுறைப் பெண்கள் ஒருவருக்கும் இன்று கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது.

இந்த வாழ்க்கையைத் துயரமாக மட்டும் சொன்னால் அது பொய். சம்பள நாளில் ஏலப்பாறை டவுனுக்குப் போவது எங்களுக்குத் திருவிழா. கோட்டயம், காஞ்சிரப்பள்ளிப் பக்கத்து மலையாளிக் கிறித்தவர்களும் தமிழ் முஸ்லிம்களும் நாடார்களும் அங்கே கடை வைத்திருந்தார்கள். துணியும் கருவாடும் மத்தியும் கப்பைக்கிழங்கும் ஒரே வீதியில் கிடைக்கும். அப்பா வட்டிக்காரருக்கும் பலசரக்குக் கடைக்கும் கொடுத்த பிறகு எங்களுக்கு ஒரு பொட்டலம் மிக்சரும், ஆச்சிக்கு வெற்றிலையும் வாங்குவார். கடைக்காரரோடு மலையாளத்தில் பேரம், வீட்டுக்குள் தமிழ், தொழிற்சங்கக் கூட்டத்தில் இரண்டும் கலந்து. சாயங்காலம் இலங்கை வானொலி எங்கள் மலையில் சென்னை நிலையத்தைவிடத் தெளிவாகக் கேட்கும். அதைக் கேட்பதற்கென்றே ரேடியோ இருந்த வீட்டுத் திண்ணையில் லயமே கூடும்.

ஒவ்வொரு எஸ்டேட்டிலும் ஒரு மாரியம்மன் உண்டு. சித்திரையிலோ வைகாசியிலோ, பெருமழைக்கு முன்னால் கொடை வைப்பார்கள். முளைப்பாரி, கரகம், தீச்சட்டி. வேப்பமரம் இந்தக் குளிரில் சரியாக வளராது. கம்பத்திலிருந்து பஸ்ஸில் வேப்பிலைக் கட்டு வரும். சி.எஸ்.ஐ. கோயில் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்கு லயம் லயமாகப் பாடிக்கொண்டு வரும்போது மாரியம்மன் கோயில் மேளக்காரர்தான் அவர்களுக்கும் மேளம் அடிப்பார். ஓணத்துக்கு நாங்கள் பூக்களம் போட்டோம், பொங்கலுக்கு மலையாளி டீச்சர் வீட்டுக்குப் பொங்கல் போனது. கேரளத்துப் பெரிய ஊர்களில் இதை நல்லிணக்கம் என்று மேடையில் பேசுவார்கள். எங்களுக்கு அது ஒரே தண்ணீர்க் குழாயில் குடம் வைத்து வந்த பழக்கம்.

எங்களை யார் என்று கேட்டு இரண்டு மாநிலங்கள் சண்டை போட்ட காலம் ஒன்று இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் பெரும்பான்மையாக வாழும் தாலுகாக்கள், அவை தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஜூலையில் மார்ஷல் நேசமணி மலைக்கு வந்து தடையை மீறிக் கைதானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் போராட்டக்காரர்கள் உயிர்விட்டார்கள். திருவிதாங்கூர்-கொச்சியின் பட்டம் தாணுப்பிள்ளை அரசு மலையில் மலையாளிகளைக் குடியேற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-ல் அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. குளமாவது மேடாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது என்று காமராசர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. எங்கள் தாத்தா அதைத் தன் கடைசிக் காலம் வரை மனத்தாங்கலோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

எந்த மாநிலத்தில் சேர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்று கேட்டுப் பயனில்லை. வால்பாறையிலும் நீலகிரியிலும் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே இருந்த தோட்டத் தொழிலாளியும் லயத்தில்தான் இருந்தான். என்னை உறுத்துவது வேறு. அன்றைக்கு எங்களைப் பற்றி வைக்கப்பட்ட வாதங்களில் முக்கியமானது, தோட்டத் தமிழர்கள் வந்துபோகிற கூலிகள், மண்ணின் நிலையான குடிகள் அல்ல என்பது. அப்போதே இரண்டு தலைமுறை எங்கள் சரிவில் புதைந்துவிட்டிருந்தது. இன்று ஐந்தாவது தலைமுறை படித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு வாதம் ஆணைய அறிக்கையோடு ஓயவில்லை. தாலுகா ஆபீஸ் மேசையில், நிலச்சட்டத்தில், ரேஷன் அட்டையில், பள்ளிக்கூடச் சான்றிதழில் இன்றும் அது எங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது.

நிலச்சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் இந்தியாவுக்கே முன்மாதிரி என்று நான் பள்ளியில் படித்தேன். அது உண்மைதான். 1963-ஆம் ஆண்டுச் சட்டம், 1969-ல் திருத்தப்பட்டு 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குத்தகைக்காரர் நிலத்துக்குச் சொந்தக்காரரானார். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை உரிமை கிடைத்தது. லட்சக்கணக்கான ஏழைகள் அன்று நிமிர்ந்தார்கள். ஆனால் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். தோட்டத்தை வெட்டினால் தொழில் கெடும் என்பது காரணம். அந்த விலக்கின் உள்ளே நாங்களும் அடைபட்டுப்போனோம். மலையடிவாரத்தில் முண்டக்கயத்தில் குடிசையில் இருந்தவருக்குப் பத்து சென்ட், மேலே ஏலப்பாறை லயத்தில் மூன்று தலைமுறையாக இருந்தவருக்கு ஒன்றுமில்லை. இதைச் சொன்னால் சில தோழர்களுக்கே கோபம் வரும். அவர்கள் கட்சிகளின் தொழிற்சங்கங்கள்தான் எங்களுக்குக் கூலி உயர்வும் போனசும் மரியாதையும் வாங்கித் தந்தன. துரை முன்னால் தலைத்துணியோடு நிற்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. நிலத்தைக் கேட்காமல் விட்ட பிழையும் அங்கேதான் இருக்கிறது.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, ஆஸ்பத்திரி, குழந்தைகள் காப்பகம் எல்லாவற்றையும் கம்பெனியின் கடமை ஆக்கியது. நல்ல சட்டம். ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை இருக்கும்வரை கூரை. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும், அல்லது வீட்டில் யாராவது ஒருவர் எஸ்டேட்டில் பேர் பதிய வேண்டும். என் அத்தை மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். மாமா ஓய்வு பெறும் வருஷம் அது. கூரையைக் காப்பாற்ற அவள் கூடை கட்டினாள். இப்படி எத்தனையோ பெண் பிள்ளைகளின் படிப்பு எங்கள் லயங்களில் வாடகையாகப் போயிருக்கிறது.

பிறகு 2000 வந்தது. சோவியத் ஒன்றியம் சிதறியபோதே இந்தியத் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டம் கண்டுவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் ஏலத்தில் தேயிலை விலை விழுந்துகொண்டே போனது. தோட்டத்தில் லாபம் எடுத்த காலத்தில் பழைய செடியைப் பிடுங்கிப் புதுச்செடி வைக்காமல் விட்டிருந்தார்கள். நூறு வயசுச் செடியில் விளைச்சல் எவ்வளவு வரும்? பீர்மேடு டீ கம்பெனியின் சீந்தலார், லோன்ட்ரீ தோட்டங்கள் 2000-ஆம் ஆண்டின் கடைசியில் கைவிடப்பட்டன. அடுத்தடுத்து இந்த வட்டாரத்தில் பல எஸ்டேட்டுகள் பூட்டிக்கொண்டன, சில பாதி மூச்சில் ஓடின. எங்கள் எஸ்டேட்டில் முதலில் சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. பிறகு மேனேஜர் ஊருக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினார். ஒரு திங்கட்கிழமை சங்கு ஊதவில்லை. சங்கு ஊதாத போதும் பெண்கள் கொங்காணி கட்டிக்கொண்டு பெரட்டுக்களத்தில் போய் நின்றார்கள் என்று அம்மா சொன்னாள்.

ஆச்சி அப்போது உயிரோடு இருந்தாள். “தொரை போனா போகட்டும்யா, செடி எங்க போகும்?” என்றாளாம்.

செடி எங்கும் போகவில்லை. ஆனால் கவாத்து வெட்டாத தேயிலை மரமாகிவிடும் என்பதை நாங்கள் அன்றுதான் கண்ணால் பார்த்தோம். இடுப்பளவில் மட்டமாக வைத்திருந்தது இரண்டாள் உயரம் போனது. தண்ணீர்க் குழாய் பழுதானால் சரி செய்ய ஆள் இல்லை. மின்கட்டணம் கட்டாததால் லயங்கள் இருண்டன. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர்கூட இல்லை. பட்டினிச் சாவு என்ற சொல் கேரளத்துப் பத்திரிகைகளில் பீர்மேட்டின் பெயரோடு சேர்ந்து வந்தது. எழுத்தறிவிலும் பொது சுகாதாரத்திலும் உலகம் மெச்சிய ஒரு மாநிலத்தில் அது நடந்தது. அரசு இலவச ரேஷன் கொடுத்தது, ஓணத்துக்கு உதவித்தொகை கொடுத்தது. இவை வராமல் இருந்திருந்தால் சாவு இன்னும் கூடியிருக்கும். தொழிற்சங்கங்கள் கூடிப் பேசிச் செடியைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பங்கு வைத்துக் கொடுத்தன. அவரவர் பங்கில் கொழுந்தெடுத்து, வெளியிலிருந்து வரும் லாரிக்கு எடை போட்டு விற்க வேண்டும். நல்ல விலை கிடைத்த மாதங்களில் அடுப்பு எரிந்தது. நிலத்துக்கு உரிமை இல்லை, செடிக்கு உரம் போட முதல் இல்லை, இலையைத் தவிர விற்க ஒன்றும் இல்லை. நூற்றாண்டு கடந்து தொழிலாளியின் கைக்குச் செடி வந்தபோது அது வற்றிப்போயிருந்தது.

எல்லோரும் ஏன் கிளம்பிப் போகவில்லை என்று கோவையில் என் நண்பர்கள் கேட்பார்கள். போனவர்கள் போனோம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில், கோவை மில்களில், எர்ணாகுளத்துக் கட்டட வேலைகளில் ஏலப்பாறைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் போனதும் அப்படித்தான். போகாதவர்களைப் பிடித்து வைத்திருப்பது ஒரு கணக்கு. பணிக்கொடைச் சட்டம் 1972-ல் வந்தது. வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் கூலி என்று கணக்கிட்டு, ஓய்வுபெறும்போது கொடுக்க வேண்டும். முப்பது, முப்பத்தைந்து வருஷம் மழையில் நின்றவர்களுக்கு அது வாழ்நாளில் ஒருமுறை பார்க்கும் பெரிய தொகை. கீழே ஏதாவது ஊரில் இரண்டு சென்ட் இடமாவது வாங்கலாம். அது வரவில்லை. வராதவரை லயத்தைக் காலி செய்ய மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். காலி செய்தால் கேட்கிற பிடியும் போய்விடும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேயிலைத் தோட்டங்களின் பாக்கியைக் கணக்கெடுக்க நீதிபதி அபய் மனோகர் சப்ரே தலைமையில் குழு வந்தது. கேரளத்துத் தோட்டங்களும் அதில் அடக்கம். கணக்கு முடிவதற்குள் கணக்குக்கு உரியவர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் அம்மாவும் அப்படிப் போனவள்தான்.

இப்போது அந்தச் சுவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். நூறு மழை கண்ட கல்லும் மண்ணும். கூரைத் தகரத்தின் ஓட்டைக்கு மேலே தார்ப்பாய், அதன் மேல் டயர். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு எங்கள் மாவட்டத்து ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டார்கள். அத்தனையும் தோட்டக் குடும்பங்கள், பலருடைய சொந்தக்காரர்கள் எங்கள் பக்கம். அன்றிலிருந்து பலத்த மழை இரவுகளில் ஏலப்பாறை லயங்களில் ஒருவராவது விழித்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கீழே கொக்கயாறிலும் கூட்டிக்கலிலும் மண் சரிந்தது. 2022-ல் எங்கள் ஏலப்பாறை கோழிக்கானத்திலேயே லயத்தின் பின்புறத்து மண்திட்டு இடிந்து ஒரு தொழிலாளிப் பெண் இறந்தாள். விடியற்காலையில் அடுப்படியில் நின்றவள். லயங்களைப் பழுதுபார்க்கப் பட்ஜெட்டில் 10 கோடி ரூபாய் அறிவித்தார்கள். கம்பெனி இடத்தில் அரசுப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்ற கேள்வியில் கோப்பு நின்றுகொண்டிருக்கும்போதே அடுத்த மழை வந்துவிடுகிறது. மண் யாருடையது என்று தீர்மானிக்காமல் கூரையைத் தீர்மானிக்க முடியாது. எழுபது வருஷத்துக்கு முந்தைய கேள்வி மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது.

முல்லைப்பெரியாறு அணைச் சண்டையும் எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. 1895-ல் அணை முடிந்தபோது கல் சுமந்தவர்களும் எங்கள் ஆட்கள்தான், அதன் தண்ணீரில் கம்பத்திலும் மதுரையிலும் நெல் விளைவித்தவர்களும் எங்கள் உறவுகள்தான், அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் சப்பாத்திலும் உப்புத்தறையிலும் படுத்துறங்குகிறவர்களும் எங்கள் அண்டை அயலார்தான். 2011 டிசம்பரில் குமுளி எல்லை அடைத்துக்கொண்டது. ஏலத்தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் வந்துபோன தமிழ்ப் பெண்கள் பயந்து ஓடினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கேரளத்துக்காரர் கடைகள் நொறுங்கின, இங்கே தமிழர்கள் அடி வாங்கினார்கள். என் மதினி அந்த வாரம் டவுனில் வாயைத் திறக்கவே பயந்தாளாம். தமிழில் பேசினால் ஒரு பயம், கம்பத்துக்குப் போனால் கேரளா வண்டி எண்ணால் ஒரு பயம். கடனுக்கு அரிசி கொடுத்து, “பேடிக்கண்டா சேச்சி, வீட்டில் போ” என்று ஜீப்பில் ஏற்றி அனுப்பியவர் டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு மலையாளி. அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. தண்ணீரைத் தேக்கச் சொல்கிறவர்களின் தேவையும் நியாயம், கீழே இருப்பவர்களின் பயமும் நியாயம் என்று ஒரே வீட்டில் உட்கார்ந்து பேச முடிகிற ஊர் எங்களுடையது. யாரும் எங்களைக் கேட்டதில்லை.

இன்று ஏலப்பாறை டவுன் மாறியிருக்கிறது. மலையோர நெடுஞ்சாலையாகக் குட்டிக்கானம் முதல் சப்பாத்து வரை சாலை அகலமாகிவிட்டது. அன்று காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குக் காத்திருந்த வளைவுகளில் இன்று கார்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. வாகமண்ணில் 2023-ல் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு விடுமுறை நாளில் டவுனைக் கடக்க நேரமாகிறது. பழைய துரை பங்களாக்கள் சில விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. ஒரு காலத்தில் அம்மா படியேறக் கூடாத வராந்தாவில் இப்போது யார் வேண்டுமானாலும் பணம் கட்டி உட்காரலாம். லயத்துப் பிள்ளைகள் சிலருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. அது நல்லதுதான். குட்டிக்கானத்தில் கல்லூரி இருக்கிறது. லயத்திலிருந்து நர்சுகள், ஆசிரியர்கள், ஒன்றிரண்டு வக்கீல்கள் வந்துவிட்டார்கள்.

ஆனால் படித்த பிள்ளை அடுத்த படி ஏறும்போது அந்தப் பழைய வாதம் குறுக்கே வருகிறது. பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கான ஆணை 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதியிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் என்றால் சலுகை இல்லை. லயத்தில் இருந்தவனிடம் நிலப்பத்திரம் இருக்குமா, வீட்டுவரி ரசீது இருக்குமா? இருந்த ஒரே ஆதாரம் எஸ்டேட் ஆபீசின் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகம். எஸ்டேட் பூட்டியபோது அந்தப் புத்தகங்கள் கரையானுக்கும் மழைக்கும் போயின. 2021-ல் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினரான ஏ. ராஜா தமிழில் பதவியேற்றவர். இதே பட்டியல் சாதித் தகுதிக் கேள்வியில் அவருடைய தேர்தலையே 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. தாத்தா பாட்டி எந்த ஆண்டு மலை ஏறினார்கள் என்பதும் அந்த வழக்கில் கேள்வியாக இருந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. சட்டமன்ற உறுப்பினருக்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தால், பிளஸ் டூ முடித்த என் மதினி மகன் எங்கே போவான்? சங்கரன்கோவில் பக்கம் போய்க் கேட்டால் அங்கே உங்களை யாருக்கும் தெரியாது என்கிறார்கள்.

லயங்களில் காலியான வீடுகளுக்குப் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜார்கண்ட், ஒடிசா, அசாம், மத்தியப் பிரதேசம். ஓடிக்கொண்டிருக்கும் தோட்டங்களில் இன்று கொழுந்தெடுப்பவர்களில் பலர் அவர்கள்தான். ஒரு ஆள் ஊருக்குப் போய்க் கூட்டி வருகிறான். ரயில் டிக்கெட்டுக்கும் முன்பணத்துக்கும் கூலியில் பிடித்துக்கொள்கிறான். இவர்கள் நிரந்தரமா தற்காலிகமா என்று கேட்டால் தற்காலிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவர்களும் அப்படியே சொல்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் ஏலப்பாறைப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் எழுதுகிறார்கள், எங்கள் பிள்ளைகளோடு விளையாடித் தமிழும் பேசுகிறார்கள்.

மதினிக்குப் பக்கத்து வீட்டில் ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். கைக்குழந்தை உண்டு. போன முறை நான் போயிருந்தபோது மதினி அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி வந்திருந்தாள். சம்பளச் சீட்டு, வருகை அட்டை, குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்க வைத்தாள். அந்தப் பெண் சில சீட்டுகளை அடுப்பு மூட்டப் போட்டுவிட்டாளாம். மதினிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

“ஒரு கடுதாசியக்கூட எரிக்காத புள்ள. உன் பேரனுக்கு வேணும்” என்றாள், தமிழிலும் மலையாளத்திலும் கைச்சாடையிலுமாக.

பி.எஃப். எண் இன்னும் அவளுக்குக் கொடுக்கவில்லை. சம்பளத்தில் பிடித்தம் மட்டும் நடக்கிறது. அடுத்த வாரம் இரண்டு பேருமாக ஆபீசுக்குப் போய்க் கேட்பதென்று முடிவு செய்திருந்தார்கள். அங்கே தமிழில் கேட்பதா மலையாளத்தில் கேட்பதா என்பதில் மதினிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எழுத்தில் கேட்க வேண்டும், நகலில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும் என்றாள்.